வெஸ்டர்ன் ஓபன் நடந்து வந்த பாதை

சிகாகோவுக்கு வடக்கே கிளென் வியூ என்றொரு கோல்ஃப் கிளப் இருக்கிறது. 1899-ல் அங்கே ஒரு போட்டி நடந்தது. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்திருந்த வில்லி ஸ்மித் ஜெயித்தார். அவருக்கும் லாரி ஆக்டர்லோனிக்கும் அடிகளின் எண்ணிக்கை சமமாக வந்ததால், இருவரையும் மறுபடி ஆடவிட்டு முடிவு கட்டினார்கள். ஸ்மித் கைக்கு வந்த முதல் பரிசு 50 டாலர். அதே ஆண்டில் யு.எஸ். ஓபனையும் வென்றவர் அவர். நாட்டின் முதல்தர ஆட்டக்காரரே வந்து கலந்துகொண்டார் என்றால், அந்தப் போட்டிக்குப் பிறந்தபோதே மதிப்பு இருந்திருக்கிறது.

அதுதான் வெஸ்டர்ன் ஓபன். இன்று அதன் பெயர் பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப். 2024-ல் அதன் மொத்தப் பரிசு 2 கோடி டாலர். வென்றவருக்கு 36 லட்சம் டாலர். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சுற்றில் இதைவிட மூத்த போட்டிகள் இரண்டே இரண்டு: பிரிட்டனின் ஓபனும் அமெரிக்காவின் யு.எஸ். ஓபனும். ஆனால் வயதுக்காக மட்டும் இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. இந்தப் போட்டி வழியில் எதை இழந்தது, எதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் கோல்ஃபை முதலில் கையில் எடுத்தது கிழக்குக் கடற்கரையின் பணக்காரர்கள். விதிகளையும் தேசியப் போட்டிகளையும் கவனிக்க 1894-ல் நியூயார்க்கில் ஒரு சங்கம் உருவானது. சிகாகோக்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. பதினெட்டுக் குழிகள் கொண்ட முதல் அமெரிக்க மைதானத்தை அமைத்தது சிகாகோ கோல்ஃப் கிளப்தான். இருந்தும் முடிவுகள் எல்லாம் கிழக்கிலேயே எடுக்கப்பட்டன. அந்தக் குறையில் சிகாகோ வட்டாரக் கிளப்புகள் சேர்ந்து 1899-ல் வெஸ்டர்ன் கோல்ஃப் அசோசியேஷனைத் தொடங்கின. பணத்துக்காக ஆடாத அமெச்சூர்களுக்கு ஒரு போட்டி, தொழில்முறை ஆட்டக்காரர்களும் அமெச்சூர்களும் சேர்ந்து ஆடும் ஓபன் போட்டி ஒன்று என இரண்டை ஒரே ஆண்டில் ஆரம்பித்தார்கள்.

1900-ல் ஓபன் நடக்கவில்லை. 1901-ல் மிட்லோதியனில் மீண்டும் நடந்தது, இம்முறை ஆக்டர்லோனி வென்றார். பிறகு முதல் உலகப் போரின்போது 1918-லும், இரண்டாம் உலகப் போரின்போது 1943 முதல் 1945 வரையும் நின்றது. மற்றபடி ஆண்டு தவறாமல் நடந்திருக்கிறது.

தொடக்க ஆண்டுகளில் வென்றவர்கள் பெரும்பாலும் வில்லி ஸ்மித் போன்ற ஸ்காட்லாந்துக்காரர்கள். நார்த் பெரிக்கிலிருந்து வந்த வில்லி ஆண்டர்சன் 1902, 1904, 1908, 1909 என நான்கு முறை வென்றார். யு.எஸ். ஓபனையும் நான்கு முறை வென்ற அந்த மனிதர் 1910-ல் 31 வயதிலேயே இறந்துபோனார். அன்றைக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் கிளப்பின் சம்பளக்காரர். மட்டை செய்வார், பழுது பார்ப்பார், உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். உறுப்பினர்கள் உட்காரும் கிளப் கட்டிடத்துக்குள் அவர் நுழைய முடியாது. போட்டியில் ஜெயித்தாலும் அந்த நிலை மாறாது.

அவருக்கும் கீழே ஒருவர் இருந்தார். ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானம் முழுக்கக் கூடவே நடப்பவர். ஆங்கிலத்தில் கேடி என்பார்கள். பதினெட்டுக் குழிகளை ஆடி முடிக்க நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அவ்வளவு நேரமும் பையைச் சுமக்க வேண்டும், பந்து எங்கே விழுந்தது என்று பார்த்து வைத்திருக்க வேண்டும், மட்டையைத் துடைத்துக் கொடுக்க வேண்டும், ஆட்டக்காரர் அடிக்கும் நேரத்தில் மூச்சுச் சத்தம் வராமல் நிற்க வேண்டும். பெரும்பாலும் சிறுவர்கள்தான் இந்த வேலைக்கு வருவார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள்.

சிகாகோவின் எட்ஜ்வாட்டர் கிளப்பில் அப்படி எட்டு வயதில் பை சுமக்க வந்தவர் சார்லஸ் எவன்ஸ். எல்லோரும் அவரைச் சிக் எவன்ஸ் என்றே கூப்பிட்டார்கள். 1890-ல் இண்டியானாபொலிஸில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு சிகாகோவுக்கு வந்தவர். பதினாறு வயதில் அந்த வேலையை விட்டார். காரணம் அன்றைய விதி ஒன்று. பதினாறு வயதுக்கு மேல் கூலி வாங்கிப் பை சுமந்தால் அவன் தொழில்முறை ஆட்டக்காரன் என்று சங்கம் கணக்கு வைக்கும். அமெச்சூராக ஆட முடியாது. எவன்ஸுக்கு அமெச்சூராகவே இருக்க ஆசை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், பணம் போதாமல் பாதியில் நிறுத்தினார். இந்தப் படிப்பு நின்ற சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் ஓபனின் தலைவிதியை மாற்றியது அதுதான்.

1910-ல் வெஸ்டர்ன் ஓபன் சிகாகோவின் பெவர்லி கிளப்பில் நடந்தது. அந்த ஆண்டு இருவர் இருவராக மோதி ஒருவர் வெளியேறும் முறையில் ஆடினார்கள். இறுதி ஆட்டத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் ஜார்ஜ் சிம்ப்சனை எவன்ஸ் தோற்கடித்தார். கிளப்பின் முன்னாள் பை சுமக்கும் பையன், கூலிக்கு ஆடாதவன், சம்பளக்காரர்களின் கோட்டையில் புகுந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போனான். அதற்கடுத்து ஓர் அமெச்சூர் இந்தப் போட்டியை வெல்ல 75 ஆண்டுகள் ஆயின.

1916-ல் எவன்ஸ் யு.எஸ். ஓபனையும் யு.எஸ். அமெச்சூர் போட்டியையும் ஒரே ஆண்டில் வென்றார். அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. மின்னியாபொலிஸில் நடந்த அந்த ஓபனில் அவர் பையில் இருந்தவை ஏழே மட்டைகள். இன்று ஒரு ஆட்டக்காரர் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். நான்கு சுற்றுகளில் அவர் எடுத்த 286 அடிகள் என்ற சாதனை இருபது ஆண்டுகள் நின்றது.

பேர் பரவியதும் எவன்ஸை வைத்துக் கோல்ஃப் பாடங்களைக் கிராமஃபோன் தட்டுகளில் பதிவு செய்தார்கள். தட்டுகள் விற்றன, பணம் வந்தது. அதை வாங்கினால் அமெச்சூர் தகுதி போய்விடும். அவர் தொடவில்லை, தனியாக ஒதுக்கி வைக்கச் செய்தார். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று யோசித்தபோது அவருடைய அம்மா ஒரு வழி சொன்னார்: பை சுமக்கும் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பலாம். தன் மகனின் படிப்பு ஏன் நின்றது என்று அந்தத் தாய்க்குத் தெரியும். எவன்ஸ் வெஸ்டர்ன் கோல்ஃப் அசோசியேஷனிடம் போய்க் கேட்டார். 1930-ல், பொருளாதார மந்தம் நாட்டைப் பிடித்து ஆட்டத் தொடங்கிய நேரத்தில், முன்னாள் பை சுமக்கும் பையன்கள் இருவர் எவன்ஸ் உதவித்தொகையில் படிக்கப் போனார்கள். எவன்ஸ் எந்தப் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டாரோ அதே நார்த்வெஸ்டர்னுக்கு.

வெஸ்டர்ன் ஓபனுக்கு அந்த 1920-களும் 30-களும்தான் பொற்காலம். வால்ட்டர் ஹேகன் 1916, 1921, 1926, 1927, 1932 என ஐந்து முறை வென்றார். இந்தப் போட்டியில் அதிக வெற்றி அவருடையதுதான். ஹேகனின் கணக்கில் இன்று 11 மேஜர் பட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மேஜர் என்பது ஆண்டின் மிகப்பெரிய நான்கு போட்டிகளுக்கு இன்று தரப்படும் தகுதி. ஹேகன் வென்றுகொண்டிருந்த நாளில் மாஸ்டர்ஸ் போட்டியே கிடையாது, 1934-ல்தான் அது தொடங்கியது. ஆட்டக்காரர்கள் அப்போது யு.எஸ். ஓபனுக்கு அடுத்தபடி வைத்து எண்ணியவற்றில் வெஸ்டர்ன் ஓபனும் ஒன்று. அதையும் சேர்த்தால் ஹேகனின் கணக்கு 16 ஆகிவிடும். சேர்ப்பதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். ஒரு போட்டியின் மதிப்பை அதில் ஆடியவர்கள் சொல்ல வேண்டும், பின்னால் வந்து பட்டியல் போட்டவர்கள் அல்ல. ரால்ஃப் குல்டால் 1936, 1937, 1938 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இதை வென்றார். பைரன் நெல்சன் 1939-ல் வென்றார். பென் ஹோகன் 1946-லும் 1948-லும், சாம் ஸ்னீட் 1949-லும் 1950-லும் வென்றார்கள். ஹேகன், நெல்சன், ஹோகன், ஸ்னீட் நால்வருமே சின்ன வயதில் பை சுமந்தவர்கள். நெல்சனும் ஹோகனும் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஒரே கிளப்பில் பை சுமந்த பையன்கள்.

அந்த நாட்களில் வெஸ்டர்ன் ஓபனுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இல்லை. மெம்ஃபிஸ், ஹூஸ்டன், ஃபீனிக்ஸ், சால்ட் லேக் சிட்டி, பஃபலோ, செயின்ட் பால், லாஸ் ஏஞ்சல்ஸ், போர்ட்லண்ட், சான் ஃபிரான்சிஸ்கோ என்று ஊர் ஊராகப் போனது. எந்தக் கிளப் கூப்பிட்டதோ அங்கே. வட்டாரப் போட்டி என்று பெயர் இருந்தாலும் அமெரிக்காவின் நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டது. ஆனால் அந்த அலைச்சலில் ஒரு நஷ்டமும் இருந்தது. மாஸ்டர்ஸ் ஆண்டுதோறும் அகஸ்டா என்ற ஒரே இடத்தில் நடந்து ரசிகர்கள் மனத்தில் பதிந்துகொண்டே போனது. வெஸ்டர்ன் ஓபனுக்குப் பின்னால் பிறந்த போட்டி முன்னால் போய்விட்டது. 1960-ல் ஆர்னால்ட் பாமர் நான்கு மேஜர்கள் என்ற பேச்சைப் பரப்பியபோது அந்த நாலில் வெஸ்டர்ன் ஓபனுக்கு இடம் இல்லை. பாமர் மறு ஆண்டே இதை வென்றார், 1963-லும் வென்றார்.

1962-லிருந்து போட்டி சிகாகோ வட்டாரத்திலேயே தங்கிவிட்டது. வசூல் எவன்ஸ் உதவித்தொகைக்குப் போனது. ஜாக் நிக்லஸ் 1967, 1968 என இரண்டு முறை வென்றார். பில்லி கேஸ்பர் நான்கு முறை. 1974-ல் ஓக் புரூக்கில் இருக்கும் பட்லர் நேஷனல் கிளப்புக்குப் போனது. இனி அதுவே நிலையான இடம் என்றார்கள். மிகக் கடினமான மைதானம். அங்கே முதல் ஆண்டில் வென்றவர் டாம் வாட்சன் என்ற இளைஞர், தொழில்முறை சுற்றில் அவருக்கு அதுதான் முதல் வெற்றி.

பட்லர் நேஷனலில் நடந்த இரண்டு ஆட்டங்களைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1985. ஸ்காட் வெர்பிளாங்க் ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். அமெச்சூர். நான்கு நாள் ஆட்டம் முடிந்தபோது ஜிம் தார்ப்புடன் சமநிலையில் நின்றார். தார்ப் வட கரோலினாவில் பிறந்த கறுப்பின ஆட்டக்காரர். அவருடைய அப்பா ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரித்தவர், வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். சமநிலையை முறிக்க ஆடிய இரண்டாவது குழியில் வெர்பிளாங்க் ஜெயித்தார். தொழில்முறை சுற்றில் ஓர் அமெச்சூர் வெல்வது 1956-க்குப் பிறகு அதுவே முதல் முறை. மாணவர் கோப்பையை எடுத்துக்கொண்டார். அமெச்சூர் பணம் வாங்கக் கூடாது என்பதால் முதல் பரிசான 90,000 டாலர் தார்ப்புக்குப் போனது. சிக் எவன்ஸ் அப்போது இல்லை, 1979-லேயே காலமாகிவிட்டார்.

1988. ஜிம் பெனெப்பி வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் என்ற சிற்றூர்க்காரர். அமெரிக்கச் சுற்றில் அவர் அதற்கு முன் ஒரு போட்டிகூட ஆடியதில்லை. தகுதி அடிப்படையில் அல்ல, அமைப்பாளர்கள் தரும் சில சிறப்பு அழைப்புகளில் ஒன்றில்தான் உள்ளே வந்தார். கடைசி நாளில் பீட்டர் ஜேக்கப்சன் ஒரு அடி முன்னிலையில் கடைசிக் குழிக்கு வந்தார். வழக்கமான நான்கு அடிகளில் முடித்தால் கோப்பை அவருக்கு. பசும்புல் தளத்தை நோக்கி அவர் அடித்த பந்து தண்ணீரில் விழுந்தது. குழியை ஆறு அடிகளில் முடித்தார். தன் ஆட்டத்தை ஏற்கெனவே முடித்துவிட்டிருந்த பெனெப்பி ஒரு அடி வித்தியாசத்தில் சாம்பியன். அமெரிக்கச் சுற்றில் அவர் பிறகு எந்தப் போட்டியையும் வெல்லவில்லை. முதல் நாள் பள்ளிக்கூடம் போய் முதல் மார்க் வாங்கிய கதை அது. வெஸ்டர்ன் ஓபனின் பெருமைகளில் ஹேகனின் ஐந்து வெற்றிகளுக்குப் பக்கத்தில் இந்த ஒரு வெற்றியை வைப்பேன். பேர் தெரியாத ஒருவன் வந்து ஆடவும், நன்றாக ஆடினால் ஜெயித்துவிட்டுப் போகவும் அந்தப் போட்டியில் இடம் இருந்தது.

1990-ல் அலபாமாவின் ஷோல் கிரீக் கிளப்பில் ஒரு மேஜர் போட்டி நடக்கவிருந்தது. கறுப்பர்களைத் தங்கள் கிளப்பில் சேர்ப்பதில்லை என்ற அர்த்தத்தில் அந்தக் கிளப்பின் நிறுவனர் ஒரு பத்திரிகையிடம் பேசிவிட்டார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது, விளம்பரம் தருவதாக இருந்த நிறுவனங்கள் விலகின. அதையடுத்து, உறுப்பினர் சேர்க்கையில் பாகுபாடு காட்டும் எந்தக் கிளப்பிலும் போட்டி நடத்துவதில்லை என்று, தொழில்முறை சுற்றை நடத்தும் பிஜிஏ டூர் விதி கொண்டுவந்தது. பட்லர் நேஷனல் ஆண்கள் மட்டுமே உறுப்பினராக முடிகிற கிளப். மாற முடியாது என்றது. வெஸ்டர்ன் ஓபன் கிளம்பிவிட்டது.

எங்கே போனது என்பது எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். சிகாகோவுக்குத் தென்மேற்கே லெமோண்ட்டில் காக் ஹில் என்ற மைதானம். உறுப்பினர் அட்டை வேண்டாம். கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். அதன் சொந்தக்காரர் ஜோ ஜெம்செக், சிறுவனாக அதே மைதானத்தில் பை சுமந்தவர். ஒருநாள் இந்த இடத்தை வாங்குவேன் என்று அப்போதே முதலாளிகளிடம் சொன்னாராம். 1951-ல் வாங்கியும் விட்டார். 1964-ல் அங்கே டிக் வில்சன் வடிவமைத்த நாலாவது மைதானம் திறந்தது. 1991 முதல் வெஸ்டர்ன் ஓபன் அந்த மைதானத்தில் நடந்தது. பெண்களுக்கு இடமில்லாத கிளப்பிலிருந்து, பை சுமந்தவர் சொந்தமாக்கிய பொது மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. பை சுமப்பவர்களின் படிப்புக்காகப் பணம் சேர்க்கும் போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வீடு அமைந்திருக்காது.

1997 ஜூலையில் டைகர் உட்ஸ் அங்கே வந்தார். வயது 21. மூன்று மாதத்துக்கு முன்புதான் மாஸ்டர்ஸை 12 அடி வித்தியாசத்தில் வென்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடைசிக் குழியை நோக்கி அவர் நடந்தபோது கூட்டம் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கி அவர் பின்னால் திரண்டு நடந்தது. மூன்று அடி வித்தியாசத்தில் வென்றார். 1999-லும் 2003-லும் மறுபடி வென்றார்.

இதற்கிடையில் பெயருக்கு முன்னால் கம்பெனிகள் வந்து ஒட்டிக்கொண்டன. பீட்ரிஸ், சென்டெல், ஸ்பிரிண்ட், மோட்டரோலா, அட்வில், சியாலிஸ் என்று ஒன்று போனால் இன்னொன்று. அதுவரைக்கும் பாதகமில்லை, முன்னால் யார் பெயர் வந்தாலும் பின்னால் வெஸ்டர்ன் ஓபன் என்பது நின்றது. 2006-ல் தென்னாப்பிரிக்காவின் டிரெவர் இம்மெல்மேன் வென்றார். அதுவே அந்தப் பெயரில் நடந்த கடைசிப் போட்டி.

2007-ல் பிஜிஏ டூர் ஃபெட்எக்ஸ் கோப்பை என்ற முறையைத் தொடங்கியது. ஆண்டு முழுக்க வாங்கிய புள்ளிகளை வைத்துச் சிறந்தவர்களை மட்டும் பொறுக்கி, கடைசியாகச் சில போட்டிகளில் மோதவிடும் முறை. வெஸ்டர்ன் ஓபன் அந்தக் கடைசிப் போட்டிகளில் ஒன்றாக ஆனது. பெயர் பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப். ஆடுபவர்கள் 70 பேர் மட்டும். 2023-லிருந்து அது 50 ஆகக் குறைந்துவிட்டது. முதல் ஆண்டில் காக் ஹில்லில் வென்றவர் டைகர் உட்ஸேதான். அடுத்த ஆண்டே போட்டி செயின்ட் லூயிஸின் பெல்லரீவ் கிளப்புக்குப் போனது. காக் ஹில் மைதானத்தை ரீஸ் ஜோன்ஸ் மாற்றியமைத்தார், ஆட்டக்காரர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 2011-க்குப் பிறகு அங்கே நடக்கவில்லை. பழையபடி ஊர் ஊராகப் பயணம்: இண்டியானா, கொலராடோ, ஃபிலடெல்ஃபியா, மேரிலண்ட், டெலவேர், இடையிடையே சிகாகோ.

பெரிய ஆட்டங்கள் இப்போதும் நடக்கின்றன. 2013-ல் கான்வே ஃபார்ம்ஸில் ஜிம் ஃப்யூரிக் ஒரு சுற்றை 59 அடிகளில் முடித்தார். 2020-ல் ஒலிம்பியா ஃபீல்ட்ஸில் ஜான் ராம் 66 அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டி டஸ்டின் ஜான்சனை வென்றார். 2021-ல் கேவ்ஸ் வேலியில் பேட்ரிக் காண்ட்லேயும் பிரைசன் டிஷாம்போவும் சமநிலையை முறிக்க ஆறு குழிகள் ஆட வேண்டியிருந்தது. 2025-ல் அதே இடத்தில் ஸ்காட்டி ஷெஃப்லர் வென்றார்.

ஆனால் ஒரு வெர்பிளாங்க் இனி வர முடியாது. ஒரு பெனெப்பி இனி வர முடியாது. ஆண்டு முழுக்கப் புள்ளி சேர்த்த 50 பேர்தான் ஆடலாம், சிறப்பு அழைப்பு கிடையாது, மாணவருக்கு இடம் கிடையாது. வெஸ்டர்ன் என்ற வார்த்தை போனதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஓபன் என்ற வார்த்தை போனதுதான் நஷ்டம்.

அந்த நஷ்டத்துக்குப் பதிலாக என்ன கிடைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கார் கம்பெனியின் பணமும் சுற்றின் முதல் 50 ஆட்டக்காரர்களின் ஈர்ப்பும் சேர்ந்து வரும் வருமானம் எவன்ஸ் உதவித்தொகைக்குப் போகிறது. 1930-ல் இருவரில் தொடங்கிய திட்டத்தில் இன்று ஒரே நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பல பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். படித்து வெளியே வந்தவர்கள் 12,000-க்கும் மேல். படிப்புக் கட்டணம், தங்கும் செலவு இரண்டையும் திட்டமே ஏற்கிறது. பெண் பிள்ளைகளும் பை சுமந்து, விண்ணப்பித்து, படிக்கிறார்கள். போட்டியில் ஒருவர் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் சேர்த்தால், அவர் பெயரில் ஒரு மாணவரின் முழுப் படிப்புச் செலவையும் பிஎம்டபிள்யூ ஏற்கிற வழக்கமும் இருக்கிறது.

தேர்வு நடக்கும் விதத்தைக் கேட்டால் சிலிர்க்கும். மதிப்பெண், குடும்ப வருமானம், நடத்தை, பை சுமந்த அனுபவம் நான்கையும் பார்க்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருத்தர் சங்கத்தின் இயக்குநர்கள் நிறைந்த அறையில் தனியாக எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். வாழ்நாளில் அதற்கு முன் மேடையே ஏறாத பிள்ளையாக இருக்கலாம். ஆனால் பல வருடம் பெரிய மனிதர்களின் பக்கத்தில் நாலு மணி நேரம் நடந்து, எப்போது பேச வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று பழகிய பிள்ளை. ஜெயித்தால் படிக்கப் போகும் ஊரில் எவன்ஸ் மாணவர்களுக்கென்றே இருக்கும் வீட்டில் மற்றவர்களோடு சேர்ந்து தங்கலாம். வீட்டு வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வதும், சின்னவர்களின் படிப்பைப் பெரியவர்கள் கவனிப்பதும் அங்கே பழக்கம். 1980-ல் வந்த 'கேடிஷாக்' என்ற நகைச்சுவைப் படம் இன்றும் அமெரிக்காவில் ஓடுகிறது. அதன் கதாநாயகப் பையன் கல்லூரி உதவித்தொகைக்காகப் பாடுபடுகிறவன். படத்தை எழுதியவர்களில் ஒருவரான பிரையன் டாயல்-மர்ரே சிகாகோ வட்டாரத்தில் பை சுமந்தவர்; அவருடைய சகோதரர் ஒருவர் எவன்ஸ் உதவித்தொகையில் படித்தவர்.

இந்தக் கதை நமக்கு அந்நியமானதல்ல. இந்தியாவிலும் பை சுமந்து வந்தவர்கள்தான் பல கதவுகளைத் திறந்தார்கள். 1991-ல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டில்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமந்தவர். 2009-ல் அதே போட்டியை வென்ற பெங்களூரின் முனியப்பாவும் அப்படி வந்தவரே. ஆடத் தெரிந்தவர் இப்படி மேலே வருகிறார். ஆடாமல் பை மட்டும் சுமக்கிற பிள்ளையும் படிப்பதற்கு வழி செய்ததுதான் எவன்ஸ் குடும்பத்தின் யோசனை.

வெஸ்டர்ன் கோல்ஃப் அசோசியேஷன் ஒரு பேரம் பேசியது: பேர் தெரியாத ஆட்டக்காரனுக்கு இருந்த வாசலை மூடியது, பேர் தெரியாத பை சுமக்கும் பிள்ளைக்கு இருந்த வாசலை அகலமாக்கியது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் அவர்கள் செய்தது சரி. ஆனால் இரண்டும் முடியும் என்பது என் எண்ணம். 1899-ல் ஓபனோடு கூடப் பிறந்த வெஸ்டர்ன் அமெச்சூர் போட்டி அந்தப் பழைய பெயரிலேயே இன்றும் நடக்கிறது. சிக் எவன்ஸ் அதை எட்டு முறை வென்றார். 1961-ல் நிக்லஸ் வென்றார், 1994-ல் டைகர் உட்ஸ் வென்றார். ஐம்பது பேரோடு ஐம்பத்தோராவது ஆளாக அந்த ஆண்டின் வெஸ்டர்ன் அமெச்சூர் சாம்பியனைப் பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். புள்ளி வேண்டாம், பரிசுப் பணம் வேண்டாம், ஆட ஓர் இடம் போதும். இரண்டு போட்டியையும் நடத்துவது ஒரே சங்கம். பிஜிஏ டூரிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.